ஜெயப்பாண்டியன் வைத்த இரண்டு பெயர்கள்

சூலக்கரைக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் சரியாக வராதது பற்றிய மனு. கைப்பைக்குள் போன் அடித்தது. எங்கள் மருத்துவமனை டாக்டர் வசந்தி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் அழைக்கிறாரே என்று எடுத்தேன். "சிஸ்டர், எங்க இருக்கீங்க? உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை வார்டு வாசலில் நின்று நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்து என்ன வரும் என்று தெரியும். யாரைப் பற்றி என்பதுதான் தெரியாது.

"நம்ம ஜெயப்பாண்டியன் போயிட்டார்ம்மா" என்றார்.

ஆலங்குளத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம். காலைப் பந்தியில் உட்கார்ந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்திருக்கிறார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டவும்தான் காரில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் வேலை பார்த்த எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். டாக்டர் வசந்திதான் நாடி பார்த்திருக்கிறார். அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. வயது நாற்பதைத் தொடவில்லை.

எனக்குப் பின்னால் நின்றவர் வரிசை நகர்ந்துவிட்டது என்று சொன்னார். மனுவைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அதைக் கொடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் லினக்ஸ் நண்பர்கள் அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டீர்கள். அவரைப் பல வருஷமாக அறிந்தவர்கள் நீங்கள். ஒரே ஒரு விஷயத்துக்காக எந்த ஊருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று கேலி செய்தவர்கள். ஒரு சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பெயரைக் கட்டிவைத்தீர்களா என்று அவர் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார் என்பீர்கள். அந்த நச்சரிப்பு எங்கிருந்து வந்தது என்பது உங்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. அவர் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க சிஸ்டர், ஒளிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு" என்றார். அதனால் எழுதுகிறேன். இதில் வரும் ஒரு பெண்ணின் பெயரையும் அவளுடைய தாயின் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஜெயப்பாண்டியன் ஆமத்தூர்க்காரர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம், பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார். மகன் படித்து, சென்னையில் சில காலம் வேலை பார்த்து, அப்பாவுக்குக் கண் மங்கியதும் திரும்பி வந்தார். சிவகாசியில் நான் நர்சாக இருக்கும் தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பொறுப்பில் சேர்ந்தார். சேர்ந்த முதல் வாரம் அவர் தன் அறையில் உட்காரவே இல்லை. கேஷுவாலிட்டியில் ஒரு நாள், லேபில் ஒரு நாள், எங்கள் வார்டில் ஒரு நாள் என்று ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களை வேவு பார்க்க நிர்வாகம் அனுப்பிய ஆள் என்றே நாங்கள் நினைத்தோம். நேரிலேயே கேட்டுவிட்டேன். அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "அப்படியெல்லாம் இல்ல சிஸ்டர். எந்த மெஷின் நின்னுபோனா யாருக்கு என்ன நின்னுபோகும்னு பாக்கேன். அது தெரியாம நான் என்னத்தப் பாத்துக்கிட?" என்றார்.

அந்த மருத்துவமனைக்குத் தீக்காயம் அடிக்கடி வரும். இந்தப் பக்கத்தில் வராமல் இருக்குமா? ஆனால் பெரிய தீக்காயங்களை வைத்துப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். டாக்டர் வசந்தியோடு படித்த ஒருவர் மதுரையில் தீக்காய நிபுணராக இருந்தார். நாங்கள் காயங்களைப் படம் எடுத்து மெயிலில் அனுப்புவோம். அவர் அங்கே பார்த்துவிட்டு, யாரை முதலில் அனுப்ப வேண்டும், வழியில் என்ன செய்ய வேண்டும் என்று போனில் சொல்வார். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர் ஜெயப்பாண்டியன். கேஷுவாலிட்டியில் எடுக்கும் படம் நேராக சர்வர் என்ற பொதுக் கம்ப்யூட்டருக்குப் போகும், அங்கிருந்து மதுரைக்குப் போகும். அதே சர்வர் வழியாகத்தான் லேப் முடிவுகளும் வார்டுக்கு வரும். அந்தச் சர்வரில் இரண்டு கார்டுகள். ஒன்றில் மருத்துவமனைக்குள் ஓடும் கம்பி, மற்றொன்றில் வெளியே போகும் கம்பி.

உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னதும் அவர்தான். கம்பி செருகும் இந்தக் கார்டுகளுக்கு, சர்வரை இயக்கும் லினக்ஸ் ஆரம்பத்தில் எண் போட்டுத்தான் பெயர் வைக்கும், முதல் கார்டு, இரண்டாம் கார்டு என்று. எது கண்ணில் முதலில் படுகிறதோ அதுதான் முதல் கார்டு. பழைய பதிப்பில் ஒவ்வொன்றாக வரிசைப்படி எழுப்பியதால் வரிசை மாறாது. அவர் புதிய பதிப்பை ஏற்றினார். அது வேகத்துக்காக எல்லாவற்றையும் சேர்த்து எழுப்பும். ஒரு நாள் ஒன்று முந்தும், மறுநாள் மற்றொன்று முந்தும். பெயர் மாறினால் உள்ளே போக வேண்டியதை வெளிக் கம்பியிலும் வெளியே போக வேண்டியதை உள் கம்பியிலும் அனுப்பும். இரண்டுமே நின்றுபோகும்.

புதிய பதிப்பை ஏற்றிச் சோதித்தபோது ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. மறுபடி நிறுத்தி எழுப்பியதும் சரியாகிவிட்டது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று படித்தும் வைத்திருந்தார். ஒவ்வொரு கார்டிலும் அதைச் செய்த கம்பெனி பதித்த எண் ஒன்று இருக்குமாம். இந்த எண்ணுள்ள கார்டுக்கு இந்தப் பெயர்தான் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், எது முந்தினாலும் பெயர் மாறாது. எழுதிய பிறகு சர்வரைச் சில தடவை நிறுத்தி எழுப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டார். தீபாவளிக்கு முந்திய சீசன், படுக்கையெல்லாம் நிறைந்து கிடந்தது. ஓடிக்கொண்டிருப்பதை இப்போது ஏன் நிறுத்த வேண்டும், தீபாவளி கழியட்டும் என்றது நிர்வாகம். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர் வற்புறுத்தவில்லை. கேன்டீனில் டீ குடிக்கும்போது, "தீபாவளி கழிஞ்ச மறுநாளே எழுதிப்புடணும்" என்று என்னிடம் சொன்னார்.

அந்த விபத்து நடந்தது ஒரு மத்தியான வேளையில். எந்தப் பட்டாசுக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சத்தம் எங்களுக்குக் கேட்டது. கீழ்வானத்தில் புகை எழுந்ததைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே கேஷுவாலிட்டியில் கட்டில்களை ஒதுக்கத் தொடங்கினோம். முதலில் வந்தது ஆம்புலன்ஸ் இல்லை, பட்டாசு லோடு ஏற்றும் வேன். அதற்குப் பிறகு ஆட்டோக்கள், வேன்கள், ஒரு டிராக்டர். மின்வெட்டு மோசமாக இருந்த வருஷம் அது. சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எழும்பும்வரை தாங்க வேண்டிய பேட்டரி பழசு. சர்வர் நின்று, தானாகவே மறுபடி எழுந்தது. எழுந்தபோது பெயர்கள் மாறியிருந்தன.

எங்களுக்கு அது தெரியாது. திரையில் எதுவும் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எடுத்த படங்கள் மதுரைக்குப் போகவில்லை. செல்போனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் லைன் கிடைக்கவில்லை. டாக்டர் வசந்தி மேசைப் போனில் மதுரைக்குப் பேசி, உடம்பு அதிகம் வெந்தவர்களைப் பற்றி வாயால் சொன்னார். அவர்களை முதலில் அனுப்பும்படி அங்கிருந்து சொன்னார்கள். முதல் வண்டிகள் அப்படித்தான் கிளம்பின.

வந்தவர்களில் முத்துலட்சுமி என்ற பெண்ணைப் பற்றி அந்தப் போனில் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. சுவரோரம் பெஞ்சில் அவள் தன் காலில் நடந்து வந்து உட்கார்ந்தாள். கையில் காயம், முகத்தில் கரி. ஈரத்துணியால் நான்தான் முகத்தைத் துடைத்துவிட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லக்கா, அவுகளப் பாருங்க" என்று கட்டிலில் கிடந்தவர்களைக் காட்டினாள். நாங்கள் அவர்களைத்தான் பார்த்தோம்.

ஜெயப்பாண்டியன் அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவள் நான். உள்ளும் வெளியும் ஒரே நேரத்தில் நின்றதால், கரண்ட் போய் வந்ததில் ஏதோ எரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். கம்பிகள் சேரும் பெட்டியைக் கழற்றி மாற்றினார். மோடத்தைப் பார்த்தார். மாடிக்கும் கீழுக்குமாக ஒவ்வொரு கம்பியையும் பிடுங்கிச் செருகினார். முக்கால் மணி நேரம் இருக்கலாம், எங்களில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் சர்வர் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கார்டுக்கு எந்த முகவரி போயிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய், இரண்டு கம்பிகளையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். அவ்வளவுதான். எல்லாம் வந்துவிட்டது. படங்கள் போய்ச் சேர்ந்தன.

சற்று நேரத்தில் மேசைப் போன் அடித்தது. மதுரை டாக்டர் முதலில் கேட்டது முத்துலட்சுமியைப் பற்றி. நான் துடைப்பதற்கு முன் எடுத்த படத்தில் மூக்குத் துவாரத்தைச் சுற்றிக் கரி இருந்தது. சூட்டுப் புகையை உள்ளே இழுத்திருப்பாள், தொண்டை வீங்கும், மற்ற எல்லோருக்கும் முன்னால் அவளைக் கவனியுங்கள் என்றார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குக் குரல் கரகரத்துவிட்டிருந்தது. டாக்டர் வசந்தி தொண்டைக்குள் குழாய் இறக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த வண்டியில் அனுப்பினோம். திருமங்கலம் தாண்டும்போது அவள் இறந்துபோனாள்.

மறுநாள் ஜெயப்பாண்டியன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. வார்டில் வேலை ஓய்ந்த வேளையில் என்னை அழைத்துக் காட்டினார். கார்டுகளின் எண்களை எழுதி, எதிரே பெயர்களை எழுதியிருந்தார். முதல், இரண்டாவது என்ற பெயர்களே இல்லை. ஒன்றுக்கு 'வார்டு', மற்றொன்றுக்கு 'மதுரை'. ஆங்கில எழுத்தில்தான், ஆனால் எங்களில் யார் வாசித்தாலும் புரியும். நிறுத்தி எழுப்பினார். வார்டு வார்டாகவே வந்தது, மதுரை மதுரையாகவே வந்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி எழுப்பினார். போதும் என்று நான் சொல்லும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

"மொத்தமே ரெண்டு வரி சிஸ்டர்" என்றார். "இதுக்குத்தான் தீபாவளி கழியட்டும்னு வச்சிருந்தேன்."

டாக்டர் வசந்தி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்தது தான்தான் என்றும், அவள் பேசிக்கொண்டிருந்ததால் ஏமாந்ததும் தான்தான் என்றும், இது மெஷின் சம்பந்தப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். ஜெயப்பாண்டியன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொள்ளவில்லை. "தெரியாத விஷயமா இருந்தா மனசு ஆறிப்போகும். தெரிஞ்ச விஷயம். அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வரல" என்று என்னிடம் சொன்னார்.

தீபாவளி கழிந்து சில வாரங்கள் ஆன பிறகு, முத்துலட்சுமியின் வீட்டுக்குப் போக வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். அவள் முகத்தைத் துடைத்தவள் என்ற முறையில் நான் வந்தால் அந்த வீட்டில் பேச்சுத் தொடங்க முடியும் என்று நினைத்தார். எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு அது சரியாகவும் பட்டது, பயமாகவும் இருந்தது. போனோம்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஊர். முத்துலட்சுமியின் அம்மா அழகம்மாள் மட்டும் இருந்தார். முன்பு கரிசல் காட்டில் விவசாயக் கூலி வேலைக்குப் போன குடும்பம். மழையில்லாமல் காட்டு வேலை நின்றபோது அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கும் மகள் பட்டாசுக் கம்பெனிக்குமாகப் போனார்கள். எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். "ஆஸ்பத்திரியிலேருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக" என்றார். மகள் கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டார். அவள் மற்றவர்களைப் பார்க்கச் சொன்னதைச் சொன்னேன். அவள் அப்படித்தான் என்று அழுதார். அந்த அழுகையில் ஓர் ஆறுதலும் இருந்தது.

அப்புறம் ஜெயப்பாண்டியன் சொல்லத் தொடங்கினார். சர்வர், கார்டு என்ற வார்த்தையெல்லாம் இல்லாமல், ஒரு தாய்க்குப் புரியும்படியாகத்தான் சொன்னார். மதுரைக்குப் படம் போகும் கம்பி தன் பொறுப்பு, அது அன்று சரியாக வேலை செய்யவில்லை, முன்பே சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை, அதனால் உங்கள் மகளைப் பற்றி மதுரை டாக்டருக்குத் தெரியத் தாமதமாகிவிட்டது.

அழகம்மாள் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அப்ப, மொத வண்டியில போயிருந்தா பொளச்சிருப்பாளா தம்பி?"

பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் மாறியதை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை. "போற உசுரு, போயிருச்சுன்னுதான் இத்தன நாளா மனசத் தேத்திக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். "இப்ப வந்து இப்பிடிச் சொல்லுதீகளே." அதற்குப் பிறகு அவர் அழுதது வேறு அழுகை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். வேறு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார். "பாரத்த எறக்கி வைக்கணும்னுதான் வந்தேன் சிஸ்டர். அவுக தலையில எறக்கி வச்சிட்டு வந்திருக்கேன்."

அவரை அறிந்த நீங்கள் அவரைக் கலகலப்பான மனிதர் என்பீர்கள். அதுவும் உண்மைதான். அந்த வருஷத்துக்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கூட்டத்துக்கு வரத் தொடங்கினார். இரண்டு கார்டு உள்ள சர்வர் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அச்சகங்கள், கல்லூரி, பட்டாசுக் கம்பெனி அலுவலகங்கள் என்று போய்ப் பெயரைக் கட்டிவைத்துவிட்டு வந்தார். ஒரு காலண்டர் அச்சகத்தில் அந்த மெஷின் சில காலைகளில் வேலை செய்யாமல் படுத்திக்கொண்டிருந்ததால், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். இவர் போய்ச் சரிசெய்தார். அதன் பிறகு மெஷின் ஒரு நாளும் படுத்தவில்லை. எலுமிச்சம்பழத்தையும் அவர்கள் அவிழ்க்கவில்லை, வாராவாரம் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். "ரெண்டுல எது வேல செய்யுதுன்னு அவுகளுக்குச் சந்தேகம். இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

அதே அச்சகத்தில் இடி விழுந்து ஒரு கார்டு போனது. கம்ப்யூட்டர் கடைக்காரர் புதுக் கார்டைப் போட்டிருக்கிறார். எதுவும் ஓடவில்லை. ஆர்டர் நெருக்கும் நேரம், முதலாளி போனில் கத்தியிருக்கிறார், உன் வேலையால்தான் கெட்டது என்று. ஒரு வகையில் அது சரிதான். எழுதிவைத்த பெயர் பழைய கார்டின் எண்ணுக்கு உரியது. புதுக் கார்டின் எண் வேறு. அந்தப் பெயரைப் பழைய கார்டுக்காகவே வைத்துக்கொண்டு, புதியதற்கு மூன்றாவதாக வேறொரு பெயரைக் கொடுத்திருந்தது மெஷின். இவர் போய்ப் பழைய வரியை அழித்துப் புது எண்ணை எழுதிவிட்டு வந்தார். திட்டு வாங்கியதில் அவருக்கு வருத்தமில்லை. கார்டு மாற்றினால் வரியையும் மாற்ற வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, அதுவரை போன இடத்துக்கெல்லாம் திரும்பப் போய்ச் சர்வர் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தார். இவ்வளவு அலைச்சல் தேவையா என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிக் குறைப்பட்டதுண்டு.

அழகம்மாள் வீட்டில் நடந்ததை டாக்டர் வசந்தியிடம் சொல்லியிருந்தேன். டாக்டர் தனியாகப் போய் அவரைப் பார்த்தார். தொண்டை உள்ளே வெந்துபோயிருந்ததை விளக்கி, முதல் வண்டியில் போயிருந்தாலும் கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு மூச்சிரைப்புக்கு மாத்திரை வாங்க அழகம்மாள் எங்கள் மருத்துவமனைக்கே வர ஆரம்பித்தார். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னது நிஜமா, என் மனசுக்காகச் சொன்னதா என்று கேட்டார். டாக்டர் பொய் சொல்ல மாட்டார் என்றேன். அவர் கையை விடாமலே, "அந்தத் தம்பியும் பொய் சொல்லலயே" என்றார். அதில் கோபம் இல்லை.

அந்தத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் போய்ச் சொல்வேன். ஜெயப்பாண்டியனுக்கு அப்போதுதான் மாடியில் ஏதாவது வேலை இருக்கும். அந்த அம்மா வரும் நாட்களில் மருந்தகத்து வராந்தாப் பக்கமே தலைகாட்ட மாட்டார். "கோவிச்சுக்கலன்னு சொல்லச் சொன்னாங்க" என்று ஒரு நாள் சொன்னேன். "தெரியும் சிஸ்டர். கோவிச்சிருந்தா போய் நின்னுருவேன்" என்றார். பொங்கலுக்கு அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்வார். பொங்கல் வரும், போகும். எங்களுக்குக் காலம் நிறைய இருப்பதாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலங்குளம் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். அந்த வீட்டில் தான் செய்த தப்பு எது என்று இத்தனை நாள் கழித்து விளங்குகிறது என்றார். சொன்னதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"தெரியலன்னு சொன்னது சரிதான் சிஸ்டர். அதச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருக்கக் கூடாது. அவுக அழுது ஓயுற மட்டும் அங்கனயே உக்காந்திருக்கணும்."

ஆமத்தூரில் அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். காலண்டர் அச்சகத்தார் போஸ்டர் அடித்து வழியெல்லாம் ஒட்டியிருந்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பெண்கள் பக்கத்தில் நான் அவர் மனைவியின் அருகில் இருந்தபோது அழகம்மாள் வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த போஸ்டரில் படத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்து அங்கேயே இறங்கியிருக்கிறார். வேலைக்குப் போகிற சேலையோடு, கையில் தூக்குச்சட்டியோடு வந்திருந்தார். யார் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. அவர் மனைவியின் முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க வீட்டுக்காரவுக ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்தாக தாயி" என்றார். "திரும்ப வருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அன்று வேலைக்குப் போகவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அந்த வீட்டுக்கு அவரை ஒரு தடவை நான் இழுத்துக்கொண்டாவது போயிருந்தால், அந்த அம்மா பேச நினைத்ததை உயிரோடு இருப்பவரிடம் பேசியிருப்பார். அவர் எதைப் பேச நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நான் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. இருபது வருஷத்துக்குப் பக்கமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். பிழைத்துவிடுவாரா என்று வார்டு வாசலில் கேட்பவர்களிடம், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடக்கப் பழகியவள். போன வாரம் ஒரு வயதான மனிதர், உள்ளே கிடக்கும் தன் மனைவியைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டார். தெரியலைங்கய்யா என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.